திருட்டு அலாரம் வாங்கலாமா, காசுக்குப் பிடித்த கேடா? கொங்குப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

2024 நவம்பரில் பல்லடம் பக்கத்திலும் 2025இல் சிவகிரி பக்கத்திலும் தோட்டத்து வீடுகளில் கொலைகள் நடந்த பிறகு, யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. "அலாரம் வெச்சா திருடன் வரமாட்டானுங்களா?" என்று ஒருவர் கேட்பார். "அதெல்லாம் சும்மாங்க, நாய் ஒண்ணு வளர்த்துங்க" என்று எதிரே இருப்பவர் சொல்வார். அதற்குள் பாயசம் வந்துவிடும்.

நான் கோவையில் இருக்கிறேன். தாராபுரம் பக்கம் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும். அவர்களுக்காக இதில் இறங்கியபோதுதான் தெரிந்தது, விற்பவர் சொல்வது ஒன்று, மாட்டுபவர் சொல்வது இன்னொன்று, பெட்டிக்குள் இருக்கும் குறிப்பேட்டில் வேறொன்று. கேட்டு, வாங்கி, மாட்டி, ஒரு சித்திரை வெயிலையும் ஓர் ஆடிக் காற்றையும் ஓட்டிப் பார்த்ததில் கிடைத்ததை வரிசையாக எழுதுகிறேன். ஊருக்குள் வீடு வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். எங்கே மாறும் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால் இதுதான்: அலாரம் திருடனைப் பிடிக்காது, கதவு உடைவதையும் தடுக்காது. உள்ளே நிதானமாகப் பீரோவைக் குடைய அவனுக்குக் கிடைக்கும் நேரத்தைக் குறைக்கும். சத்தம் கேட்டு வர ஆள் இருந்தால் போட்ட காசு வீண் இல்லை. ஆளே இல்லையென்றால் அதே காசைக் கிரில்லுக்கும் பூட்டுக்கும் போடுங்கள்.

வெளிநாட்டில் இதை ஆராய்ந்தவர்களும் ஏறத்தாழ இதையே சொல்கிறார்கள். அமெரிக்காவில் வட கரோலினாப் பல்கலைக்கழகம் 2012இல் சிறையில் இருந்த 422 வீடுபுகு திருடர்களிடம் கேட்டது. அலாரம் இருப்பது தெரிந்தால் வேறு வீட்டைப் பார்ப்போம் என்று சொன்னவர்கள் சுமார் 60 சதவீதம். இங்கிலாந்து, வேல்ஸ் பற்றி 2017இல் வந்த ஆய்வோ, ஜன்னல் பூட்டு, கதவுக்கு இரட்டைப் பூட்டு, உள்ளே விளக்கு, ஆள் நடமாட்டத்துக்கு எரியும் வெளிவிளக்கு ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் பெரிய பாதுகாப்பு என்றது. அலாரத்துக்கு அதில் நல்ல பெயர் கிடைக்கவில்லை. அது அந்த ஊர்ப் போலீஸ், அந்த ஊர் வீடு. ஆனாலும் நம் ஊருக்கும் வரிசை அதேதான்: முதலில் பூட்டு, அப்புறம் விளக்கு, அதற்குப் பிறகு அலாரம்.

1. அலாரம் அடித்தால் யார் வருவார்கள் என்று முதலில் எழுதுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு தாளில் ஐந்து பெயர் எழுதுங்கள். முதல் இரண்டு பேர், ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் போனை எடுத்து, பத்து நிமிடத்துக்குள் வந்து சேரக்கூடியவர்களாக இருக்க வேண்டும். கோவையில் இருக்கும் மகன் அந்தப் பட்டியலில் நான்காவதாக இருக்கலாம், முதலாவதாக இருக்கக் கூடாது. நான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

திருப்பூரில் லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு இது சுலபம். சுவருக்கு அந்தப் பக்கமே ஆள் உண்டு. அங்கே பிரச்சினை பகலில்தான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள், பக்கத்து வீடும் பூட்டித்தான் கிடக்கும். அதனால் பகல் பட்டியல் ஒன்று, ராத்திரிப் பட்டியல் ஒன்று என்று போடுங்கள். எதிர்ப்புற மளிகைக் கடைக்காரர் பகலுக்கு நல்ல ஆள்.

தோட்டத்தில் அடுத்த சாளையே (தோட்டத்து வீடு) கூப்பிடு தூரத்தைத் தாண்டித்தான் இருக்கும். இதில் இன்னொரு சிக்கல் உண்டு, எல்லாருக்கும் தெரிந்ததுதான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெரும்பாலும் பங்காளியாக இருப்பார், தடத் தகராறோ வரப்புத் தகராறோ வந்து அவரோடு பேச்சு வார்த்தை இருக்காது. அலாரம் வாங்கும் காசில் ஒரு கிலோ இனிப்பு வாங்கிக்கொண்டு முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள். நான் போனேன். "சத்தம் கேட்டா வராம இருப்பனா கண்ணு, அது வேற இது வேற" என்றார் பெரியப்பா. அவரை விட்டால் ராத்திரியில் ஓடிவர அந்தப் பக்கம் வேறு ஆள் கிடையாது.

வருபவர்களோடு மூன்று விஷயம் பேசி முடித்துவிடுங்கள்:

- யாரும் தனியாக வரக் கூடாது. கிளம்பும் முன் 100க்கோ 112க்கோ கூப்பிட்டுவிட வேண்டும்.
- தடத்தில் நுழையும்போதே ஹாரன் அடித்து, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வர வேண்டும். திருடனைப் பிடிப்பது நம் வேலை இல்லை, அவன் ஓடினால் போதும்.
- வீட்டுக்குள் இருப்பவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது. வெளியே மோட்டார் சத்தம், குழாயில் தண்ணீர் ஊற்றும் சத்தம், குழந்தை அழும் சத்தம் எது கேட்டாலும் போன் அடித்து ஆளை வரவழைத்த பிறகுதான் தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கே கனெக்‌ஷன் போயிரும் சார்" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. வீட்டில் மாட்டும் சாதாரண அலாரம் தானாகக் காவல் நிலையத்தோடு இணைவதில்லை. அலாரம் பெட்டியில் 100ஐப் பதிந்து வைத்துக்கொள்ளலாமே என்றும் சொல்வார்கள். வேண்டாம். அமெரிக்காவில் போலீசுக்குப் போகும் அலாரம் அழைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பொய் அலாரம். பல்லி ஓடியதற்கெல்லாம் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போனால், உண்மையான நாளில் உங்கள் பேச்சை யார் நம்புவார்கள்? அலாரம் உங்கள் ஆட்களைக் கூப்பிடட்டும், அவர்கள் போலீசைக் கூப்பிடட்டும்.

மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு கண்காணிக்கும் தனியார் சேவையும் இருக்கிறது. ஊருக்குள் இருந்தால் யோசிக்கலாம். தோட்டத்துக்கு ஆள் அனுப்புவார்களா, எத்தனை நிமிடத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். என்னிடம் பேசிய நிறுவனம் அந்தக் கேள்விக்குப் பிறகு போனே எடுக்கவில்லை.

2. கிரில், பூட்டு, விளக்கு: அலாரத்துக்கு முன்னால் இது

வீட்டை ஒரு தரம் திருடன் கண்ணோடு சுற்றி வாருங்கள். முன்வாசல் தேக்குக் கதவுக்கு ஐந்து லீவர் பூட்டு போட்டிருப்போம். சமையலறைப் பின்கதவில் இருப்பதோ இரண்டு அரை அங்குலத் திருகாணியில் நிற்கும் ஒரு தாழ்ப்பாள். ஓங்கி மிதித்தால் நிலவோடு (கதவு நிலை) சேர்ந்து வந்துவிடும். பின்கதவுக்கு உள்பக்கம் குறுக்கே ஓர் இரும்புப் பட்டையும், வெளியே ஒரு கிரில் கேட்டும் போடுங்கள். மொட்டைமாடிக் கதவுக்கும் அப்படியே. கிரில்லை இரும்பு எடை போட்டுத்தான் விலை சொல்வார்கள், ஆகவே அளவு எடுத்து இரண்டு பட்டறையில் கேளுங்கள். கையில் வந்து சேர ஒன்றிரண்டு வாரம் ஆகும். முகூர்த்த மாதம், கிரகப்பிரவேசக் காலம் என்றால் இன்னும் இழுக்கும்.

களத்தில் கிடப்பதைப் பாருங்கள். கடப்பாரை, மண்வெட்டி, தேங்காய் உரிக்கும் பாரை, சாத்தி வைத்த ஏணி. வருகிறவன் கையை வீசிக்கொண்டு வரலாம், சாமானெல்லாம் நாமே எடுத்து வைத்திருக்கிறோம். இவற்றை ஓர் அறையில் போட்டுப் பூட்ட ஒரு பைசா செலவில்லை.

கிரில் கேட்டில் வெளிப்பக்கம் தொங்கும் பெரிய பூட்டு "வீட்டில் ஆள் இல்லை" என்று தூரத்தில் இருந்தே சொல்லும். உள்ளே இருந்து பூட்டினாலும் வெளியே இருந்து பூட்டினாலும் ஒரே மாதிரி தெரியும் பதிப்புப் பூட்டு வாங்குங்கள். நல்லது மூவாயிரம் ரூபாயில் தொடங்குகிறது. ஆள் வந்தால் எரியும் சோலார் விளக்கு ஐந்நூறில் இருந்து ஆயிரத்து ஐந்நூறுக்குள். வீட்டின் நான்கு மூலைக்கும் நான்கு, மாட்டுக் கட்டுத்தரைக்கு ஒன்று. என்னைக் கேட்டால், அலாரத்தைவிட இந்த ஐந்து விளக்குதான் அம்மாவை நிம்மதியாகத் தூங்க வைத்திருக்கிறது.

சாவியை மீட்டர் பெட்டிக்கு மேலேயும் செருப்புக்கு அடியிலும் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காப்பீட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது, பின்னால் வருகிறது.

3. எதை வாங்குவது

மூன்று தரம் இருக்கிறது.

முதலாவது, கதவில் ஒட்டும் சின்னக் காந்த அலாரம். கதவும் நிலவும் பிரிந்தால் கத்தும். பேட்டரியில் ஓடும், இருநூறு முதல் ஐந்நூறு ரூபாய். யாரையும் போனில் கூப்பிடாது. வாடகை வீட்டுக்கும் லைன் வீட்டுக்கும் இதுவே போதும், சுவரில் துளை போடத் தேவையில்லாததால் வீட்டுக்காரரிடம் அனுமதியும் கேட்க வேண்டாம்.

இரண்டாவது, சிம் போட்ட வயர்லெஸ் தொகுப்பு. ஒரு பெட்டி, இரண்டு மூன்று கதவு சென்சார், ஒன்றிரண்டு நடமாட்ட சென்சார், சைரன், ரிமோட். நான் விசாரித்தபோது ஆறாயிரத்தில் இருந்து பதினைந்தாயிரம் வரை சொன்னார்கள். பெரும்பாலான தோட்டத்து வீடுகளுக்கு இதுதான் சரி.

மூன்றாவது, வயர் இழுத்துச் செய்யும் பெரிய பேனல். இருபதாயிரத்துக்குக் கீழே வராது, நாற்பதைத் தாண்டும். புதிதாக வீடு கட்டுகிறீர்கள் என்றால், பூச்சு வேலைக்கு முன்பே கதவு ஜன்னல்களுக்குக் குழாய் பதித்துவிடுங்கள். அந்தச் செலவு சொற்பம். பூசின சுவரை உடைத்து வயர் இழுப்பது பெருஞ்செலவு, வீடெல்லாம் தூசி.

பின்னிரண்டில் எதை வாங்கினாலும் வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு அவசரப் பொத்தான் இருக்க வேண்டும். சட்டைப் பையிலோ சேலை முந்தானை முடிச்சிலோ வைக்கும் அளவில் ஒரு ரிமோட். அமுக்கினால் சைரன் கத்தி, ஐந்து எண்ணுக்கும் போன் போகும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று, கட்டுத்தரையில் ஒன்று. திருட்டுக்கு மட்டுமா, அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்தாலும் இதுதான் கைகொடுக்கும்.

கேமரா போதாதா என்று கேட்பார்கள். கேமரா நடந்ததைக் காட்டும், அலாரம் நடக்கும்போதே கத்தும். இரண்டும் வேறு வேலை. கேமரா வைத்தால் பதிவுப் பெட்டியை டிவிக்கு அடியில் வைக்காதீர்கள். போகும்போது அதையும் கழற்றிக்கொண்டு போகிறார்கள் என்பது செய்தித்தாள் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். பரணிலோ வேறு அறையிலோ ஒளித்து வையுங்கள், முடிந்தால் காட்சி இணையத்திலும் சேமிக்கும்படி செய்யுங்கள். இன்னொன்று, கிணற்று மோட்டார் அறையின் இலவச விவசாய மின்சாரத்தில் இருந்து கேமராவுக்கு வயர் இழுக்கக் கூடாது. அது விதிமீறல், தவிர மூன்று முனைக் கரண்டு நாள் முழுக்க வருவதும் இல்லை.

4. சிம், கரண்டு: இங்கேதான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்

விலை குறைந்த பெட்டிகளில் பல 2ஜியில் மட்டும் ஓடும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்தச் சிம்மைப் போட்டால் பெட்டி மௌனமாக இருக்கும். வாங்கும் முன் "4ஜி பெட்டியா?" என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். அப்புறம் தோட்டத்தில் எந்த நிறுவனத்தின் டவர் கிடைக்கிறது என்று பாருங்கள். வாசலில் இல்லை, பெட்டி வைக்கப் போகும் அறைக்குள், ஜன்னலைச் சாத்திவிட்டு.

சிம்முக்கு ரீசார்ஜ் உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. வேலிடிட்டி முடிந்த மறுநாளில் இருந்து உங்கள் அலாரம் வெறும் ஊதல்தான். வருட பிளான் போட்டு, முடியும் தேதியை நாள்காட்டியில் எழுதுங்கள்.

இணையத்தில் மட்டும் ஓடும் வைஃபை அலாரம் தோட்டத்துக்கு வேண்டாம். கேபிள் கம்பம் கம்பமாகத் தொங்கிக்கொண்டு வருகிறது, ஒரு கத்தி போதும்.

கரண்டும் அப்படித்தான். தோட்டத்து வீடுகளில் மீட்டரும் மெயின் சுவிட்சும் வெளிச்சுவரில் இருக்கும். முதலில் அதைத்தான் இறக்குவான். பெட்டிக்குள் பேட்டரி இருக்கிறதா, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணியில் இருந்து மாலை வரை கரண்டு நிற்கும் நாளில் பெட்டி உயிரோடு இருந்தால் பேட்டரி சரி. பேனல் வகைகளில் வரும் 12 வோல்ட் பேட்டரி ஆயிரம் ரூபாய்ச் சில்லறை, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும்.

5. விலைப்பட்டியல் வாங்கும்போது

காந்திபுரம் பக்கத்துக் கடைகளிலோ ஈரோட்டிலோ கேட்டால் வாயால் ஒரு விலை சொல்வார்கள். எழுத்தில் வாங்குங்கள், குறைந்தது இரண்டு இடத்தில். அதில் இவை தனித்தனியாக இருக்க வேண்டும்: பெட்டி விலை, ஒவ்வொரு சென்சாரும் எத்தனை, மாட்டுக்கூலி, 18 சதவீத ஜிஎஸ்டி, வாரண்டி எத்தனை வருடம், அதற்குப் பிறகு வருடப் பராமரிப்பு எவ்வளவு. "பில் இல்லாம போட்டுக்கலாங்க, கொஞ்சம் குறைச்சுக்கறேன்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பில் இல்லையென்றால் வாரண்டி இல்லை.

இன்னொரு கேள்வியை மறக்காதீர்கள்: கூடுதல் சென்சார் பின்னால் தனியாகக் கிடைக்குமா? பல தொகுப்புகளில் வேறு கம்பெனி சென்சார் சேராது. மாடல் நின்றுவிட்டால் மொத்தமும் புதிதாக வாங்க வேண்டிவரும்.

6. மாட்டும் நாள்

வயர்லெஸ் என்றால் அரை நாள், வயர் என்றால் இரண்டு நாள். நீங்கள் கூடவே இருங்கள். மாட்டுபவருக்கு அடுத்த வீடு காத்திருக்கும்.

- நடமாட்ட சென்சாரைத் தரையில் இருந்து ஏழு அடி உயரத்தில், அறையின் மூலையில் மாட்ட வேண்டும். அது உடம்புச் சூட்டின் அசைவைப் பார்க்கிறது. நேராக அதை நோக்கி வருகிற ஆளைவிடக் குறுக்கே நடக்கிற ஆளை நன்றாகக் கண்டுகொள்ளும். கதவுக்கு நேர் எதிரே வேண்டாம்.
- வெயில் விழும் ஜன்னலையோ ஏசியையோ பார்த்து வைக்கக் கூடாது.
- ராத்திரி ஆள் இருக்கும்போது கதவு சென்சார் மட்டும் விழித்திருக்கும் முறை ஒன்று, எல்லாரும் வெளியே போனால் எல்லாமும் விழித்திருக்கும் முறை ஒன்று. இரண்டையும் அம்மாவையே செய்து காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்து பிரயோஜனமில்லை.
- சைரனை எட்டாத உயரத்தில், வெளியே. உள்ளே இன்னொன்று. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு தானாக நிற்கும்படி வைத்தால் போதும்.
- மாட்டுபவர் கிளம்பிய பிறகு, அவர் பார்க்காதபோது, ரகசிய எண்ணை மாற்றுங்கள். கம்பெனி போட்டுத் தரும் 1234 அப்படியே கிடக்கும் வீடுகள் எத்தனையோ. ஆப் இருந்தால் அதுவும் உங்கள் போன் எண்ணில்தான் பதிவாகியிருக்க வேண்டும், அவருடையதில் இல்லை.
- வாரண்டி அட்டையில் சீல், தேதி, வரிசை எண் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

7. முதல் மாதம்: பொய் அலாரத்தோடு மல்லுக்கட்டு

இதற்குத் தயாராக இருங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது ராத்திரியே அப்பா வயரைப் பிடுங்கிவிடுவார்.

எங்கள் வீட்டில் முதல் குற்றவாளி பல்லி. டியூப்லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், சென்சாரின் வெள்ளைக் கண்ணாடி மேலேயே குப்புறப் படுத்துக்கொள்ளும். கண்ணுக்கு அருகே இருப்பதால் சென்சாருக்குப் பல்லியும் ஆள் மாதிரிதான். சென்சாரை விளக்கில் இருந்து தள்ளி வைத்து, பின்பக்கத் துளைகளைச் சிலிக்கானால் அடைத்த பிறகு நின்றது. வெளியே வைத்த சென்சாருக்கு மயில். விடியற்காலையில் களத்தில் காயப்போட்டதைப் பொறுக்க வரும். சிறு பிராணிகளைக் கண்டுகொள்ளாத வகைச் சென்சார் பூனைக்கும் நாய்க்கும் ஓரளவு உதவும், ஆனால் மதில்மேல் ஏறிய மயில் அதன் கண்ணுக்கு நேராக வந்துவிடுகிறது. கடைசியில் வெளிச் சென்சாரைக் கழற்றிவிட்டு அங்கே விளக்கு மட்டும் வைத்தோம். வெளியே அலாரம், தோட்டத்தில், எனக்கு நம்பிக்கையில்லை.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவு லொடலொடவென்று ஆடினால் காந்தமும் அதன் ஜோடியும் விலகி அலாரம் அடிக்கும். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், கதவு ஆடாத இடத்தில் காந்தத்தை வைத்து, நிலவுக்கும் கதவுக்கும் நடுவே ரப்பர் பட்டை ஒட்டுங்கள்.

சித்திரை, வைகாசியில் நேர்மாறான சிக்கல். கரூரிலும் ஈரோட்டிலும் சுவரே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். ஆளுக்கும் அறைக்கும் சூட்டில் வித்தியாசம் குறைந்தால் சென்சாருக்கு ஆள் சரியாகத் தெரியாது. வெப்பத்துக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும் வகை என்று கேட்டு வாங்குங்கள். மே மாத மதியம் ஒருமுறை அறைக்குள் நடந்து பாருங்கள். கத்தவில்லையென்றால் கதவு சென்சாரை நம்பித்தான் இருக்க வேண்டும்.

மாதம் ஒரு நாள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கதவாகத் திறந்து சோதியுங்கள். நாங்கள் அமாவாசையன்று செய்கிறோம், மறக்காது. பக்கத்துத் தோட்டத்துக்கு முன்னாலேயே ஒரு போன் போட்டுவிடுங்கள்.

8. நகை, லாக்கர், காப்பீடு: காகிதங்கள்

அலாரம் காக்க வேண்டிய பொருள் வீட்டில் குறைவாக இருந்தால் அலாரத்துக்கும் வேலை குறைவு. பாதி நகை அடமானத்தில் இருப்பதே சில வீடுகளுக்குப் பாதுகாப்பு என்று எங்கள் மாமா சொல்வார். லாக்கர் வைத்திருந்தாலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2022 ஜனவரியில் இருந்து நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, லாக்கர் திருட்டுப் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். வாடகை இரண்டாயிரம் என்றால் இரண்டு லட்சம். உள்ளே முப்பது பவுன் இருந்தாலும் அவ்வளவுதான்.

வீட்டுக் காப்பீட்டில் பெரும் குழப்பம் இருக்கிறது. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசி தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது. அதில் திருட்டு என்பது அப்படி ஒரு விபத்து நடந்து, அதைச் சாக்காக வைத்து ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டும். சாதாரணமாகக் கதவை உடைத்துத் திருடினால் வராது. கொள்ளைக் காப்பீட்டைத் தனியாக அல்லது கூடுதலாக எடுக்க வேண்டும். எடுக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள்: உடைத்து நுழைந்த அடையாளம் கட்டாயமா (பெரும்பாலும் ஆம், செருப்புக்கு அடியில் வைத்த சாவியால் திறந்தால் பணம் கிடைப்பது கஷ்டம்), ரொக்கம் சேருமா, நகைக்குத் தனிப் பட்டியல் கொடுக்க வேண்டுமா, வீடு தொடர்ந்து எத்தனை நாள் பூட்டிக் கிடந்தால் பாலிசி செல்லாது. மகள் பிரசவத்துக்கு வெளிநாடு போய் ஆறு மாதம் இருப்பவர்கள் கடைசிக் கேள்வியை விடக் கூடாது.

இப்போதே ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். நகை ஒவ்வொன்றையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். எடை, பில், ஹால்மார்க் நகை என்றால் அதிலுள்ள, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண். 2023 ஏப்ரல் முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகையில் அந்த எண் கட்டாயம். பாட்டி காலத்து நகையில் அது இருக்காது, ஆகவே படமும் எடையும்தான் சாட்சி. டிவி, லேப்டாப் வரிசை எண்கள், போன்களின் ஐஎம்இஐ எண், அலாரம் பில். இவற்றின் நகல் வீட்டில் இருக்கக் கூடாது, மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கட்டும்.

தோட்டத்தில் தங்கி வேலை செய்பவர்களின் ஆதார் நகல், போட்டோ, போன் எண்ணை வாங்கி வையுங்கள். உள்ளூர் ஆளா வெளிமாநிலத்து ஆளா என்று பார்க்காமல் எல்லாரிடமும் வாங்குங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்பது அசிங்கம், பாதுகாப்பும் இல்லை.

9. ஸ்டேஷனில் சொல்லி வைப்பது

காசு செலவில்லாத வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். ரோந்து வரும் காவலர் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகம் உங்கள் வீட்டில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போனால், போகும் தேதி, வரும் தேதி, போன் எண்ணோடு ஒரு கடிதம். தைப்பூசத்துக்குப் பழனிக்குக் குடும்பத்தோடு நடந்து போகிறவர்கள், கல்யாணச் சீருக்கு முதல் நாளே மண்டபத்தில் தங்குகிறவர்கள், இதைக் கட்டாயம் செய்யுங்கள். எந்த வீட்டில் எப்போது ஆள் இருக்காது என்பது அந்த நாட்களில் ஊருக்கே தெரியும். அழைப்பிதழிலேயே அச்சடித்துத்தானே கொடுக்கிறோம்.

'காவல் உதவி' செயலியை வீட்டில் எல்லார் போனிலும் இறக்கி வையுங்கள். அதில் ஆபத்து நேரத்துக்கான சிவப்புப் பொத்தான் இருக்கிறது. பெயரும் முகவரியும் முன்கூட்டியே பதிந்திருந்தால்தான் அந்த நேரத்தில் உதவும்.

10. அப்படியும் நடந்துவிட்டால்

கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தால் உள்ளே போகாதீர்கள், ஆள் இன்னும் உள்ளே இருக்கலாம். வெளியில் இருந்தே 100. போலீஸ் வரும்வரை எதையும் தொடக் கூடாது. சொந்தபந்தம் வந்து குவிந்து, பீரோவை எல்லாரும் தொட்டுப் பார்த்து, யாராவது ஓர் ஆத்தா வீட்டைக் கூட்டி வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டால், கைரேகை நிபுணருக்கும் மோப்ப நாய்க்கும் அங்கே வேலையே இல்லை. வாசலில் ஒருவரை நிறுத்தி யாரையும் விடாதீர்கள்.

புகாரில் என்ன போனது என்று உங்கள் கோப்பைப் பார்த்து எழுதுங்கள். "சுமார் இருபது பவுன்" என்று எழுதிவிட்டு, பின்னால் இருபத்தேழு என்றால் போலீசும் கேட்கும், காப்பீட்டுக் கம்பெனியும் கேட்கும். எது உடைக்கப்பட்டது என்பதையும் குறிப்பிடுங்கள்: பின்கதவுத் தாழ்ப்பாள், கிரில், பீரோ. மனு ரசீதோடு திரும்பி வந்துவிடாமல் முதல் தகவல் அறிக்கை கேளுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி அதன் நகல் இலவசம். எந்த எல்லை என்ற சாக்கு சொல்லாமல் எந்த நிலையத்திலும் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. மின்னணு வழியில் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

காப்பீடு இருந்தால் அன்றைக்கே கம்பெனிக்குப் போன் செய்து, மின்னஞ்சலும் அனுப்புங்கள். அவர்கள் ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை உடைந்த கதவைச் சரிசெய்யாதீர்கள். அவசரம் என்றால் படமும் வீடியோவும் எடுத்த பிறகு செய்யுங்கள். கேட்கும் காகிதங்கள் பெரும்பாலும் இவைதான்: கோரிக்கைப் படிவம், முதல் தகவல் அறிக்கை, பொருள் பட்டியல், பில்கள், படங்கள், கடைசியாகப் பொருள் கண்டுபிடிக்கப்படவில்லை என்று போலீஸ் தரும் சான்று. அந்தக் கடைசிக் காகிதம் கைக்கு வரத்தான் மாதக்கணக்கில் ஆகும். முதல் தகவல் அறிக்கை எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, மாதம் ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். போனில் கேட்டால் "பார்க்கறோம்" என்பார்கள்.